சோதனை முடிவு வேறு ஊருக்கும் பொருந்துமா?

5,000 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் திட்டத்தைக் கொடுத்து ஆய்வு செய்தோம். முடிவு நாட்டுக்கே பொருந்தும் என்று எழுதலாமா?

வேண்டாம். குலுக்கல் அந்த இரண்டு குழுக்களை நேர்மையாக ஒப்பிட உதவும், அவ்வளவுதான். குடும்பங்கள் எங்கிருந்து வந்தன என்பது தனிக் கேள்வி. நாடு முழுவதிலிருந்தும் சமவாய்ப்பு முறையில் எடுத்திருந்தால் சரி. அனுமதி கிடைத்த ஒரு மாவட்டத்தில் எடுத்திருந்தால், 50,000 ஆனாலும் அந்த மாவட்டத்தைப் பற்றித்தான் பேச முடியும்.

சோதனையில் வென்ற திட்டம் அரசு கைக்குப் போனதும் சொதப்புவது ஏன்?

கென்யாவில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். மேற்குப் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் ஒப்பந்த ஆசிரியர்களை அமர்த்தியதில் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. அரசு நாடு முழுக்க 18,000 பேரை எடுக்க முனைந்த சமயம், எட்டு மாகாணங்களில் 192 பள்ளிகளில் புதிய சோதனை நடந்தது. யார் நடத்துவது என்பதையும் குலுக்கலுக்கே விட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அது. வேர்ல்டு விஷன் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் மதிப்பெண் கூடியது. கல்வி அமைச்சகம் நடத்தியவற்றில் அசையவே இல்லை. அங்கே சம்பளம் அதிகம் தாமதமானது, கண்காணிப்பு தளர்ந்தது. போதாததற்கு, ஆசிரியர் சங்கமும் களத்தில் இறங்க, நிரந்தர வேலை கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பு வளர்ந்தது. ஒப்பந்தம் போய்விடுமோ என்ற பயம் இல்லாதபோது ஒப்பந்த ஆசிரியருக்கும் மற்றவருக்கும் என்ன வித்தியாசம்? நடத்துபவரும் திட்டத்தின் ஒரு பகுதிதான். ஆய்வறிக்கைகளில் இது பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டு ஊட்டச்சத்துத் திட்டம் வங்கதேசத்தில் எடுபடவில்லையாமே?

1980இல் உலக வங்கி உதவியோடு இங்கே தொடங்கிய திட்டம் அது. குலுக்கல் சோதனை அல்ல. தாய்க்குச் சொல்லிக் கொடுத்தால் குழந்தையின் சாப்பாடு மாறும் என்பது அதன் அடிப்படை. 1995இல் வங்கதேசத்தில் இதே பாணியில் தொடங்கியபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட் சுட்டும் காரணம்: அங்கே கிராமங்களில் சந்தைக்குப் போவது ஆண்கள், அடுக்களையில் முடிவெடுப்பது பல வீடுகளில் மாமியார். தாய்க்கு அறிவுரை கிடைத்தது, அதிகாரம் இல்லை. வருமானமும் எழுத்தறிவும் ஒத்துப்போகிறதா என்று அட்டவணை போடுவதைவிட, பலன் யார் யார் கை வழியாகக் குழந்தையிடம் போகிறது என்று கேட்பது மேல்.

அப்படியானால் பத்து இடங்களில் சோதித்தால் போதுமா?

எந்தப் பத்து என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஓபவர் நிறுவனம், அண்டை வீட்டாரோடு ஒப்பிட்டு மின்செலவைக் காட்டும் கடிதங்களை அனுப்பியது. 111 சோதனைகள், 86 லட்சம் வீடுகள். 2015இல் பொருளியல் அறிஞர் ஹன்ட் ஆல்காட் காட்டியபடி, முதல் பத்து இடங்களின் முடிவுகள் பிற்பாடு வந்த இடங்களின் பலனை மிகைப்படுத்திக் காட்டின. சுற்றுச்சூழல் அக்கறை மிகுந்த ஊர்களின் மின் நிறுவனங்கள்தான் முதலில் ஆர்வமாகச் சேர்ந்திருந்தன.