பாஸ் ஜிக்கில் விரால் கடிக்குமா?

"அமெரிக்காவில் இருக்கும் மகன் ஒரு டப்பா நிறைய பாஸ் ஜிக் வாங்கி வந்திருக்கிறான். எந்தப் பருவத்தில் எவ்வளவு ஆழத்தில் போட வேண்டும் என்று அதோடு ஓர் அட்டவணையும் இருக்கிறது. வீராணத்தில் விராலுக்கு இது ஒத்துவருமா?" என்று கேட்கிறார் கும்பகோணம் வாசகர் ஒருவர்.

ஜிக், அதாவது ஈயத் தலையோடு வரும் தூண்டில் முள், ஒத்துவரும். அட்டவணையை மடித்து வைத்துவிடுங்கள்.

அது லார்ஜ்மவுத் பாஸ் என்ற அமெரிக்க நன்னீர் மீனுக்குப் போட்ட கணக்கு. அங்கே வசந்தத்தில் தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டியதும் பாஸ் முட்டையிடக் கரையோரம் வரும். கோடையில் மேல்தண்ணீர் சூடானால் ஆழத்துக்கு இறங்கும். கடுங்குளிரில் அடியில் மந்தமாகக் கிடக்கும். அதனால்தான் அங்கே பருவத்துக்குப் பருவம் ஆழத்தை மாற்றி, கனமான ஜிக்கைத் தரையில் உரசி இழுக்கிறார்கள்.

விரால் கதையே வேறு. செவுள் போக, தலைக்குள் காற்றை வாங்கும் உறுப்பும் அதற்கு உண்டு. எத்தனை சூடானாலும் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தே ஆக வேண்டும். ஆகவே கோடையிலும் அது கோரைக்குள்ளும் ஆகாயத்தாமரை ஓரத்திலும் முழங்கால் தண்ணீரிலேயே கிடக்கும். ஆழத்தைத் தேடாதீர்கள், மறைவைத் தேடுங்கள்.

டெல்டாவில் பருவத்தைத் தீர்மானிப்பது தண்ணீர் வரத்துதான். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாகத் தண்ணீர் வீராணத்துக்கு வந்து சேரும். புதுத்தண்ணீர் கலங்கலாக இருக்கும். விராலும் புதிதாக மூழ்கிய புல்லுக்குள் பரவிவிடும். அப்போது கருப்பு ஜிக்தான் என் தேர்வு, கலங்கலில் அதன் உருவம் தெளிவாகத் தெரியும். கிளம்பும் முன் செய்தித்தாளில் ஏரியின் நீர்மட்டத்தைப் பாருங்கள். 47.5 அடி என்றால் ஏரி நிறைந்து நிற்கிறது, மீன் சிதறிக் கிடக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் மேல் செம்மஞ்சளாக ஒரு குஞ்சுக் கூட்டம் கொப்பளித்து நகர்ந்தால், அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அங்கே ஜிக்கை எறிந்தால் கோபத்தில் கட்டாயம் கடிக்கும். தயவுசெய்து எறியாதீர்கள். காவல் போய்விட்டால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்களும் பறவைகளும் சில மணி நேரத்தில் காலி செய்துவிடும்.

ஜிக்குக்கு உகந்த காலம் தையிலிருந்து சித்திரை வரை. மேட்டூர் மூடி நீர்மட்டம் இறங்க இறங்க, புல்லில் பரவிய மீன் மதகுப் பள்ளங்களிலும் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர் அடியிலும் ஒதுங்கும். காலை வெயில் ஏறும் முன் கரையில் அசையாமல் நின்று கவனியுங்கள். செடி இடுக்கில் 'களக்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே இரண்டு மூன்று குமிழி. காற்று குடித்துவிட்டு இறங்குகிற விரால் அது. அதன் தலைமேல் போட்டால் ஓடிவிடும். இரண்டு முழம் தள்ளிப் போட்டு அந்தப் பக்கமாகக் கொண்டுவாருங்கள்.

ஜிக்கில் 14 கிராம் ஈயத் தலையை விட்டுவிடுங்கள், ஏரி வண்டலில் புதைந்துவிடும். 7 முதல் 10 கிராம் போதும். முள்ளுக்கு முன்னால் பிரஷ் போல நிற்கும் தடுப்பு இழைகளை வெட்டாதீர்கள். செடியில் சிக்காமல் காப்பது அதுதான். பின்னால் ரப்பர் இறாலோ தவளைக் காலோ கோத்து, அடியில் உரசாமல் நீந்தவிட்டு, நடுநடுவே நிறுத்தி இறக்குங்கள். பெரும்பாலும் இறங்கும்போதுதான் கடிக்கும். மேல்தண்ணீரில் மிதக்கும் ரப்பர் தவளை இரை என்றால், கடித்ததும் ஒரு மூச்சு பொறுத்து இழுப்போம். ஜிக்கில் தூண்டில் நரம்பு ஒரு பக்கமாக நகர்ந்த உடனே சுண்டி இழுக்க வேண்டும், தாமதித்தால் துப்பிவிடும். சாதா நைலான் நரம்பு இழுபடும், புதரிலிருந்து மீனைப் பிரிக்க உதவாது. இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு போடுங்கள்.

ஆகாயத்தாமரை முழுக்க மூடிய இடத்தில் மட்டும் ஜிக் வேலைக்காகாது, அங்கே ரப்பர் தவளைதான். மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கும், கேட்டுக்கொண்டு போங்கள். கீழணையிலும் மதகுகளிலும் தண்ணீர் திறக்கும் நாளில் இறங்கவே வேண்டாம்.

கடைசியாக, பாஸ் பிடிப்பவர்கள் கட்டைவிரலை மீன் வாய்க்குள் விட்டுக் கீழுதட்டைப் பிடித்துத் தூக்குவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். விராலிடம் அது கூடாது. பல் கூர்மை, விரலைக் கிழித்துவிடும். ஈரத்துணியால் உடம்பைப் பிடித்து, குறடால் முள்ளை எடுங்கள்.