இலைதான் வருகிறது, பூ எங்கே?

கேள்வி: ஐயா, எங்கள் முற்றத்தில் சீமெந்துத் தொட்டியில் நீல அல்லி வைத்திருக்கிறேன். வீதியோரக் கன்றுக் கடையில் வாங்கியது. கொம்போஸ்ட், மாட்டெரு நிறையப் போட்டேன். இலை வருகிறது, பூ இல்லை. தண்ணீர் பச்சையாகி நாறுகிறது. என்ன உரம் போடலாம்? சரிவராவிட்டால் அத்திடிய சதுப்பில் ஒரு கிழங்கு பிடுங்கட்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உரமே வேண்டாம் அம்மா. போட்டதையும் அள்ளி வெளியே கொட்டுங்கள். கொம்போஸ்ட் தண்ணீருக்குள் அழுகத்தான் செய்யும். அதில் கொழுப்பது பாசி. அல்லிக்கு வேண்டியது களிமண். கடுவெல, பாதுக்கைப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் ஒரு சாக்கு தருவார்கள். பிடி மண்ணை நனைத்து விரலிடையே அழுத்துங்கள்: உடையாமல் நாடா போல நீண்டால் அதுதான். மேலே ஓர் அங்குலம் ஆற்று மணல் பரப்பி, கிழங்கின் குருத்து வெளியே தெரிய நடுங்கள். மண்ணுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் போதும். பைகளில் விற்கும் கறுப்புக் கலவையை எந்தக் கடைக்காரர் சிபாரிசு செய்தாலும் வாங்காதீர்கள். அது சட்டிச் செடிக்கு உரியது, தண்ணீரில் மிதந்துவிடும்.

முற்றத்தில் வெயில் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. நாளுக்கு 6 மணித்தியாலம் நேர் வெயில் வேண்டும். பக்கத்தில் மாடிக் கட்டடம் எழும்பி மறைத்திருந்தால், என்ன மண் போட்டாலும் இலைதான். தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள்.

இன்னொன்று, இலையின் நடுவில், காம்பு சேரும் இடத்தில், குட்டிச் செடி முளைக்கிறதா? முளைத்தால் உங்களிடம் இருப்பது நம் நாட்டு நீல அல்லி அல்ல. 1986 இல் தேசிய மலராக அறிவித்த செடி மங்கிய நீலத்தில் பூக்கும். கடைகளில் அதே பெயரில் விற்பது பெரும்பாலும் கடும் ஊதாப் பூ. வெளிநாட்டு இனங்களின் கலப்பு என்று தாவரவியலாளர்கள் காட்டிவிட்டார்கள். தெரிந்துகொண்டே விற்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அதைக் கால்வாயில் மட்டும் எறிந்துவிடாதீர்கள், பரவி உள்ளூர்ச் செடியை நெருக்கும்.

அத்திடியவில் கைவைக்க வேண்டாம். பெல்லன்வில–அத்திடிய 1990 இலிருந்து சரணாலயம். ஊரில் குளத்தருகே உறவினர் யாரும் இருந்தால் விதை கேளுங்கள். பூ வாடியதும் காம்பு சுருண்டு காய் தண்ணீருக்குள் இறங்கிப் பழுக்கும். வெடிக்குமுன் எடுத்து, காயவிடாமல் ஈரத்துணியில் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

நுளம்புக் குடம்பிக்கு நாலைந்து கப்பி மீன் விடுங்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் காட்டலாம்.