கூடை முதுகில் இருந்தால் கெமராவுக்குத் தெரியாது

அண்ணா, கெம்பஸில் இறுதி வருட வேலைக்காக, தேயிலைக் கொழுந்து எடுப்பதை மெய்நிகர் உலகில் செய்துகொண்டிருக்கிறேன். அம்மா மலையில் எடுப்பதைப் பார்த்துத்தான் தொடங்கினேன். கையில் பிடிக்கிற கொன்ட்ரோலர் கொடுப்பதா, தலையில் மாட்டும் ஹெட்செட்டின் கெமராவே கையைப் பார்த்துக்கொள்கிற வெறுங்கை முறையா? கண்ணால் பார்த்து விரலைக் கிள்ளுகிற முறையைப் போடச் சொல்கிறார் எங்கள் சேர்.
– ஒரு வாசகி, பதுளை

அன்புள்ள தங்கச்சி,

சேர் சொல்வது 2024இல் ஆப்பிள் விஷன் புரோ ஹெட்செட்டோடு பிரபலமான முறை. மெனு தட்டுவதற்கு அருமை, கொழுந்துக்கு ஆகாது. அம்மாவைக் கவனியுங்கள், விரல் ஒன்றை ஒடிக்கும்போதே கண் அடுத்ததற்குப் போயிருக்கும், இரண்டு கையும் வேறு வேறு இடத்தில் இருக்கும். கிள்ளும் கணத்தில் கண் எங்கேயோ அதைத்தான் அந்த முறை பிடிக்கும், ஆகவே பாதி நேரம் பக்கத்துக் கொழுந்துதான் வரும்.

கொன்ட்ரோலரிலிருந்து லேசர் போல ஒரு கதிர் விட்டுப் பிடிப்பது தூரத்துப் பொருளுக்கு. 1996இல் இவான் பூப்பிரெவ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 'கோ-கோ' என்று ஒரு முறை செய்தார்கள், கையை ஓரளவுக்கு மேல் நீட்டினால் மெய்நிகர் கை அதைவிட வேகமாக நீண்டுகொண்டே போகும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் செடியின் நடுவுக்கு எட்டிக் குனிவதுதானே அந்த வேலையின் கஷ்டமே, அதை எடுத்துவிட்டால் எதைக் காட்டப்போகிறீர்கள்?

வெறுங்கைதான் சரி. கையில் ஒன்றும் தட்டுப்படாது என்பது குறைதான், அதற்குக் கொழுந்தை உடனே கையோடு வரவிடாமல், கொஞ்சம் வளைந்து பிந்தி வரவிட்டு, அப்புறம் சத்தத்தோடு ஒடியுங்கள். இழுப்பது போலவே தோன்றும்.

உண்மையான சிக்கல் கூடை. பிடி நிறைந்ததும் கை தோளுக்கு மேலால் பின்னுக்குப் போகும், ஹெட்செட்டின் கெமராக்களுக்கு அங்கே பார்வை இல்லை, கை மாயமாகிவிடும். கொன்ட்ரோலர் என்றால் அதற்குள் இருக்கும் அசைவுச் சென்சர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், வெறுங்கைக்கு அந்த வசதி இல்லை. அதனால் விரல் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். மூடிய கை மேலேறி, காதோரமாகப் பின்னே போய் மறைந்தால் கொழுந்து கூடையில் விழுந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கி மறைந்தால் கையிலேயே இருக்கட்டும்.

அம்மாவுக்குப் போட்டுப் பார்க்காமல் சேரிடம் கொடுக்காதீர்கள். ஹெட்செட் அரைக் கிலோ வரும், கூடைக் கயிறு அழுத்துகிற தலையில்தான் அதுவும் ஏறும், ஆகவே வேலை விட்டு வந்த பின்னேரம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடுங்கள்.