சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் சொல்வது

“காதலித்துத் திருமணம் செய்துகொள்பவர்கள்கூட இப்போது ஏன் இவ்வளவு சீக்கிரம் பிரிந்துவிடுகிறார்கள்? மனிதர்களிடையே அன்பு குறைந்துவிட்டதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உளவியல் படித்தவன் அல்லன். சென்னை உயர் நீதிமன்றத்தை அடுத்த தம்புச் செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞரிடம் 26 ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். திருமணப் பதிவுக்கு விண்ணப்பம் நிரப்புவதும் மணமுறிவு மனுவைத் தாக்கல் செய்வதும் என் வேலைதான் என்பதால், இரண்டு முனைகளையும் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அன்பு குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த அன்புக்குச் சாட்சியாக நிற்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

2016இல் ஒரு ஜோடிக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு நடந்தது. பையன் இந்து, பெண் கிறிஸ்தவர். 1954ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து, அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டு, 30 நாட்கள் யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று காத்திருந்து, அதன்பிறகு மூன்று சாட்சிகள் முன்னிலையில் உறுதிமொழி எடுக்க வேண்டும். அந்த 30 நாட்களும் இருவரும் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்று இரண்டு நண்பர்கள் வந்துவிட்டார்கள். மூன்றாமவர் கிண்டியில் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டார். மதிய உணவு நேரம் நெருங்கியதால் மூன்றாவது கையெழுத்தை நானே போட்டேன். பூக்கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்த மாலைகளில் ஒன்று அறுந்துபோனது; கேஸ் கட்டைக் கட்டும் நாடாவை எடுத்து அதற்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இப்போதும் நினைவில் இருக்கிறது.

ஆறு ஆண்டுகள் கழித்து, உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்குக்காகப் போயிருந்தபோது, தாழ்வாரத்தில் ஒருவர் என்னை நிறுத்தி, “அண்ணே, நீங்கதானே எங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டீங்க?” என்று கேட்டார். அதே பெண். பத்தடி தள்ளிச் சுவரோரமாக அந்தப் பையன் நின்றிருந்தார். மனமொத்த மணமுறிவு கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். அடியில்லை, குடியில்லை, வேறு ஆள் யாரும் இல்லை. பெரும்பாக்கத்தில் பதினோராவது மாடியில் குடியிருப்பு. அவருக்கு இரவுப் பணி. இந்தப் பெண் காலை ஏழு மணிக்கு அம்பத்தூருக்குக் கிளம்பிவிடுவார். ஒருவர் வரும்போது மற்றவர் போவதால், குடித்தனமே வாட்ஸ்அப்பில்தான் நடந்திருக்கிறது. கைப்பேசியை எடுத்து எனக்குக் காட்டினார்: “சாம்பார் ஃபிரிட்ஜ்ல இருக்கு.” கீழே, “சாப்டியா?” அதற்கும் கீழே, “ஏதாவது பேசேன்.” மூன்றுக்கும் நீலக் குறி விழுந்திருந்தது, பதில் எதற்கும் இல்லை.

“யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அம்மா” என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கு நான் அறிந்த மிகச் சரியான பதில்: “எங்க வீட்ல சொன்னா, ‘நாங்கதான் அன்னைக்கே சொன்னோமே’ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க அண்ணே. அவர் வீட்லயும் அதேதான். அதனால நல்லாருக்கோம் நல்லாருக்கோம்னே சொல்லிட்டு வந்தோம்.”

பெற்றோரை எதிர்த்து மணம் முடித்தவர்கள் தங்கள் சின்னச் சண்டையைக்கூட வெளியே சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார்கள். சொன்னால் தோற்றதாகிவிடும் என்ற பயம். பெற்றோர் பார்த்து முடித்த திருமணங்களில் இதற்கு நேர்மாறான தொல்லை: இரவில் நடந்த சண்டை விடிவதற்குள் இரு வீட்டுக் குடும்பக் குழுவிலும் குரல்பதிவாகப் போய்விடுகிறது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான்.

என் பெற்றோருடையதும் காதல் திருமணம்தான். அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் தொழிலாளி. 1965இல் புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார்கள். அப்போது அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அண்ணா முதல்வரானபின் இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, அதற்கு முன் நடந்த அத்தகைய திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. “உங்கம்மாவை எனக்குக் கட்டிவெச்சது அண்ணாதான்” என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அயனாவரத்தில் ஒண்டுக்குடித்தனம், ஐந்து குடும்பங்களுக்கு ஒரே குழாய். சண்டை வந்தால் அம்மா அப்பாவிடம் பேசமாட்டார்; “உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்று மூன்றடி தூரத்தில் இருப்பவரிடம் என்னைத் தூது அனுப்புவார். அப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வேலைக்குப் போன நாட்களில், எதிர் போர்ஷன் அத்தை, தம் கணவருக்குச் சாப்பாடு எடுத்துப்போகும்போது அப்பாவுக்கும் ஒரு தூக்கை எடுத்துக்கொண்டு போவார்; அதில் இருப்பது அம்மாவின் சமையல்தான் என்பது அப்பாவுக்கும் தெரியும், தெரியாததுபோல் சாப்பிடுவார். அந்த ஊடலுக்கு ஊரே வேலை பார்த்தது. இன்றைய பதினோராவது மாடியில் அந்த அத்தை இல்லை. கணவன், மனைவி, தோழி, தூது, நடுவர் எல்லா வேடத்தையும் அந்த இரண்டே பேர் போட வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது பழைய காலத்தை நான் புகழ்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே முற்றத்தில், கணவனிடம் அடிவாங்கி அழுதுகொண்டு நின்ற ஒரு பெண்ணை, “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று சொல்லித் திரும்ப உள்ளே அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். அனுப்பியவர்களில் அதே அத்தையும் இருந்தார். சாதியைக் காக்கப் பெற்ற பிள்ளையையே கொல்லத் துணிபவர்களும் உறவினர்கள் என்ற பெயரில்தான் வருகிறார்கள். அத்தகைய சாட்சிகள் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் ஏற்காமல், ஊரறியச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவது வீட்டு எதிர்ப்புக்கு அஞ்சி வருபவர்களின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று கூறியபோது, எங்கள் அலுவலகத்தில் இனிப்பு வாங்கினோம்.

அண்ணா கொண்டுவந்த அந்தத் திருத்தத்தில் ஒரு சொற்றொடர் உண்டு. உறவினர்கள், நண்பர்கள் “அல்லது வேறு நபர்கள்” முன்னிலையில் திருமணம் நடக்கலாம் என்கிறது. எத்தனையோ முறை தட்டச்சு செய்தும் அந்த ‘வேறு நபர்’ நான்தான் என்று எனக்கு உறைத்ததில்லை. கையெழுத்துப் போட்டதோடு என் வேலை முடிந்தது என்றே இருந்துவிட்டேன். ஆறு ஆண்டுகளில் ஒருமுறையாவது அந்தப் பிள்ளைகளுக்குப் போன் போட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். மனமொத்த மணமுறிவுக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுப் போட்டபின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் அந்த ஆறு மாதத்தையும் தக்க சூழலில் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்புதான். முடிவெடுத்துவிட்டவர்களை இழுத்தடிப்பதில் பொருளில்லை. ஆனால் பிரிவதற்குமுன் பொறுமையாகக் கேட்க ஓர் ஆள், நீதிமன்றப் படி ஏறும்வரை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அவர்களுக்கு மணமுறிவு கிடைத்துவிட்டது. பொங்கலுக்கு இருவரிடமிருந்தும் தனித்தனியே எனக்கு வாழ்த்து வருகிறது.

அதன்பிறகு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட நான்கு ஜோடிகளுக்கும் என் எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சென்ற மாதம் இரவு பதினொன்றரைக்கு வியாசர்பாடியிலிருந்து ஓர் அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிரசவத்துக்கு யார் வீட்டுக்குப் போவது என்பதில் தொடங்கி, எப்போதோ வாங்கிய வாஷிங் மெஷின் தவணை வரை போயிற்று. எனக்குப் பாதிக்குமேல் புரியவில்லை; “ம்” கொட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி எழுந்துவந்து யாரென்று சைகையில் கேட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண்தான் முதலில் நிறுத்தி, “சரிண்ணே, வைக்கிறோம். போட்ட சோறு ஆறிப்போச்சு, இவர் இன்னும் சாப்பிடல” என்றார்.