சென்ட்ரலில் இறங்கி குரோம்பேட்டை போக

குரோம்பேட்டை வண்டி சென்ட்ரலிலிருந்து கிளம்பாது. எதிரே பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பார்க் ஸ்டேஷனில் ஏறுங்கள்.

அம்மாவையும் இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் கட்டடத்தில் ஒரு மணி நேரம் அலைந்ததாக எழுதியிருக்கிறீர்கள், படிக்கவே கஷ்டமாக இருந்தது. புறநகர் ரயில் என்ற போர்டைப் பார்த்துப் போயிருப்பீர்கள், ஆனால் அங்கிருந்து திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கம்தான் வண்டி.

அடுத்த முறை வெளியே வந்ததும் சுரங்கப்பாதையில் இறங்குங்கள், அவசரத்தில் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம். மெட்ரோ ஸ்டேஷனுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனால் எஸ்கலேட்டர் இருக்கிறது, அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் நல்லது.

பார்க்கில் குரோம்பேட்டைக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், எக்ஸ்பிரஸ் டிக்கெட் சென்ட்ரலோடு முடிந்தது. ஏறும் முன் வண்டியின் முகப்பைப் பாருங்கள்: தாம்பரம் அல்லது செங்கல்பட்டு என்றால் சரி, பீச் என்றால் எதிர்த்திசை.

ஒன்றில் மட்டும் கவனம். பக்கத்திலேயே பார்க் டவுன் என்று இன்னொரு ஸ்டேஷன், அது வேளச்சேரி தடம். வழி கேட்கும்போது “தாம்பரம் வண்டி” என்றே கேளுங்கள். அப்புறம், ஃபாஸ்ட் வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது, குரோம்பேட்டையில் நிற்குமா என்று விசாரித்துவிட்டு ஏறுங்கள்.