பார்மலினில் இரண்டு மாதம் கிடந்த உறுப்புத் துண்டில் வைரஸைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: பால் மறந்த பன்றிக்குட்டிகள் நான்கு, மெலிந்து மூச்சிரைத்துச் செத்துப்போயின. மருத்துவர் அறுத்துப் பார்த்து, நுரையீரல், நிணநீர்க் கணுத் துண்டுகளை பார்மலினில் போட்டு வைத்தார். ஆய்வகத்துக்கு அனுப்பாமலே இரண்டு மாதம் ஓடிவிட்டது. இனி அவற்றால் பயன் உண்டா?

பதில்: உண்டு, கொட்டிவிடாதீர்கள். பார்மலின் திசுவை அழுகாமல் காக்கும். ஆனால் வைரஸைக் கொன்றுவிடும். அதனால் வைரஸை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இனி வழியில்லை. ஆனால் அதன் மரபுப்பொருள் மிச்சமிருக்கும். அதுவும் நாளாக ஆகச் சிறு சிறு துண்டுகளாக உடைந்துபோகும். ஆகவே மரபுப்பொருளின் குறுகிய துண்டைத் தேடும் பி.சி.ஆர். சோதனை கைகொடுக்கும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது, பன்றிக்குட்டிகளை மெலியவைக்கும் சர்க்கோ வைரஸ் 2. அதன் மரபுப்பொருள் டி.என்.ஏ. என்பதால் பார்மலினில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பன்றிகளின் இனப்பெருக்கத்தையும் மூச்சையும் பாதிக்கும் பி.ஆர்.ஆர்.எஸ். என்ற வைரஸ் நோயும் இப்படி மூச்சிரைப்பைத் தரும்; ஆனால் அந்த வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ., அது சீக்கிரம் சிதைந்துவிடும். எனவே பி.ஆர்.ஆர்.எஸ். 'இல்லை' என்று முடிவு வந்தால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

சர்க்கோவில் சிக்கல் வேறு. நல்ல பன்றிகளின் உடலிலும் அது இருக்கும்; பி.சி.ஆர். 'உண்டு' என்றாலும் குட்டிகள் அதனால்தான் செத்தன என்று சொல்ல முடியாது. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி சோதனையையும் கட்டாயம் கேளுங்கள். துண்டை மெழுகில் பதித்து மெல்லியதாகச் சீவி, வைரஸ் இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஏறும்படி செய்வார்கள். நிணநீர்க் கணு சிதைந்திருக்கும் இடத்திலேயே வைரஸும் நிறையத் தெரிந்தால் சந்தேகம் தீரும்.

பாட்டிலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், திசு கிழிந்துவிடும். துண்டுகளை 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனை நாள் பார்மலினில் இருந்தது என்பதை ஆய்வகச் சீட்டில் எழுதுங்கள்.

அடுத்த முறை ஒவ்வொரு உறுப்பிலும் இரண்டு துண்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று பார்மலினில் போடாமல் பச்சையாக, ஐஸில் வைத்து அன்றே ஆய்வகத்துக்குப் போகட்டும். மற்றது அரை சென்டிமீட்டர் கனத்தில், துண்டின் அளவைப் போல் பத்து மடங்கு பார்மலினில் இருக்கட்டும். தடிமனாக வெட்டினால் நடுப்பகுதி அழுகிவிடும்.

ஆனால் வளர்ந்த பன்றிகளும் கடும் காய்ச்சலோடு, தோல் சிவந்து, திடீரென அடுத்தடுத்து விழுந்தால் கத்தியே எடுக்க வேண்டாம். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலாக இருந்தால் சிந்தும் இரத்தமே நோயைப் பரப்பும். முதலில் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.