மதத்தைக் கிண்டல் பண்ற சில காமெடிப் படம் மட்டும் எப்படிங்க சர்ச்சை இல்லாம தப்பிச்சுருது?

எனக்குத் தெரிஞ்சத சொல்றனுங்க, சினிமா ஆராய்ச்சி எல்லாம் கெடையாது, திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை, படம் நெறையா பாப்பேன் அவ்ளோதான்.

2020 தீபாவளிக்கு மூக்குத்தி அம்மன் ஹாட்ஸ்டார்ல வந்துச்சு. அவினாசிப் பக்கம் எங்க ஊட்ல போன டிவில கனெக்ட் பண்ணி விட்டேன், ஆத்தா கட்டில்ல உக்காந்து முறுக்க டீல நனைச்சுட்டு இருந்துச்சு (அப்பாவோட அம்மாவ எங்க பக்கம் ஆத்தாம்போம், மாரியம்மனையும் ஆத்தாம்போம், ரெண்டுக்கும் ஒரே பேருதான்). எனக்கு உள்ளுக்குள்ள உதறல், ஏன்னா செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போயிட்டு வராம பச்சத்தண்ணி பல்லுல படாத ஆளு அது. படத்துல நயன்தாரா குலதெய்வமா வந்து, என்ற கோயிலுக்கு ஒருத்தனும் வர்றதில்ல, திருப்பதி மாதிரி பேமஸ் ஆக்கி விடுங்கற மாதிரி ஹீரோகிட்ட பேரம் பேசும்பாருங்க, ஆத்தா சிரிச்ச சிரிப்புல டீ பூரா சேலைல கொட்டிருச்சு. "கேக்கட்டும் கேக்கட்டும், நாம போயி எத்தன வருசமாச்சு, நாஞ்சொன்னா உங்கப்பன் காதுல வாங்கறானா"ன்னு டிவிய உட்டுட்டு எங்கப்பாவ வைய ஆரம்பிச்சிருச்சு.

யோசிச்சா இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லீங்க. மழ பேயலீன்னா இதே ஆத்தா கோயில் வாசல்ல நின்னுட்டு "ஏண்டி மாரி, கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு"ன்னு சாமியவே வெஞ்சதக் காதால கேட்டிருக்கேன். சாமிய வையறது தப்பில்ல, வையறவன் அந்த ஊட்டு ஆளா இருக்கோணும். அம்புட்டுதான் கணக்கு.

இது இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல. அவினாசில இருந்து திருப்பூர் போற ரோட்டுல திருமுருகன்பூண்டி கோயில் இருக்குதல்லொ, அங்கதான் சுந்தரர் சேரமான் குடுத்த பொன்னெல்லாம் எடுத்துட்டு வர்றப்ப வேடருங்க வழிப்பறி பண்ணிட்டாங்கன்னு கதை, வந்தது சிவன் அனுப்பிச்ச பூதங்கதான். சுந்தரர் என்ன பண்ணாரு? கும்பிட்டுட்டுப் போகல. இந்த மாதிரி திருட்டுப்பய ஊர்ல "எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே"ன்னு பாட்டுக்குப் பாட்டு நாக்கப் புடுங்கற மாதிரி கேட்டாரு. அதாவது உனக்கு இங்க என்ன சாமி வேலைன்னு. அது தேவாரத்துல சேந்து இன்னைக்கும் பாடறாங்க, ஏன்னா கேட்டவரு சாமிக்கே சிநேகிதர்.

அதே கணக்கு இந்தியிலயும் நடந்திருக்கு. 2012-ல ஓ மை காட் வந்துச்சு, பூகம்பத்துல கடை இடிஞ்சவனுக்கு இன்சூரன்ஸ்காரன் இது கடவுள் செயல், காசு தர முடியாதுங்கறான், அவன் கடவுள் மேலயே கேஸ் போடறான். பாக்கப்போனா எவ்ளோ வம்பான கதை! எதிர்ப்பு இல்லாம இல்ல, ஆனா 2014-ல பிகே வந்தப்ப அகமதாபாத், போபால்ல எல்லாம் தியேட்டர அடிச்சாங்களே, அந்த அளவுக்குப் போகல. ரெண்டு படமும் சொல்றது கிட்டத்தட்ட ஒண்ணுதான், சாமிக்கு நடுவுல இருக்கற புரோக்கர நம்பாதன்னு. முதல் படத்துல கிருஷ்ணரே பைக்ல வந்து கேஸ் போட்டவனுக்கு ஒத்தாச பண்றாரு, கடசில அவனும் சாமி கும்பிடறான். பிகேல கேள்வி கேக்கறவன் வேத்து கிரகத்துல இருந்து வந்தவன், அதுக்கும் மேல நடிச்சவரு பேரு அமீர் கான். நான் இத நியாயம்னு சொல்லலீங்க, வசனத்தப் பாக்காம பேரப் பாத்துக் கோவம் வர்றது கேவலம்தான், ஆனா நடக்கறது அதான்.

இன்னொரு வழியும் இருக்கு, 2008-ல வந்த அறை எண் 305-ல் கடவுள். பிரகாஷ்ராஜ் கடவுளா வர்றாரு, சந்தானமும் கஞ்சா கருப்பும் அவரோட பவர் பெட்டியவே ஆட்டையப் போட்டர்றாங்க. அந்தக் கடவுள் எந்தக் கோயில்லயும் எந்த சர்ச்லயும் இருக்கறவரு இல்ல, அப்பறம் யாரு கொடி புடிப்பா.

நாத்திகருக்கும் இதே கணக்குதான். சத்யராஜ் பெரியாரா நடிச்சவரு, கடவுள் இல்லீன்னு மைக்லயே சொல்றவரு. அவரு படத்துல சாமியார ஓட்டுனா எங்க ஊர்ல சிரிச்சுட்டுப் போயிருவாங்க, கோயமுத்தூர்க்காரரு, குசும்பு ஜாஸ்திம்பாங்க.

சில பேரு மூக்குத்தி அம்மன் ஓடிடில வந்ததாலதான் தப்பிச்சுது, கிழிக்கறதுக்கு தியேட்டர்ல போஸ்டர் இல்லீன்னு சொல்றாங்க. எனக்கு அது சரியாப் படல. அன்னபூரணிய எடுத்துக்கங்க, அது காமெடிப் படம் இல்ல, ஆனா அதே நயன்தாரா. 2023 டிசம்பர் ஒண்ணாந்தேதி தியேட்டர்ல வந்து கம்முனு ஓடிட்டுப் போயிருச்சு, மாசக்கடசில நெட்பிளிக்ஸ்ல போட்டாங்க, அப்பறம்தான் ராமர் கறி சாப்பிட்டாருங்கற வசனத்தப் புடிச்சுட்டு மும்பைல புகார் குடுத்தாங்க, ஜனவரில படத்தையே தூக்கிட்டாங்க. தியேட்டர்ல ரெண்டரை மணி நேரம் உக்காந்து பாத்தவனுக்கு வராத கோவம் ஒத்த வசனம் கேட்டவனுக்கு வருது. முழுசாப் பாத்தா யாரு எந்த எடத்துல இருந்து பேசறாங்கன்னு தெரியும், வெட்டி எடுத்த துண்டுல வசனம் மட்டுந்தான் மிஞ்சும்.

இது எனக்கே நடந்துச்சுங்க. எங்கூரு மாரியம்மன் நோம்பில ஒருக்கா நாடகம் போட்டோம், பிள்ளையார் எலி மேல போறாரு, ஹெல்மெட் எங்கன்னு போலீஸ்காரன் நிறுத்தறான், தும்பிக்கையோட எப்படிப்பா போடறதுன்னு பிள்ளையார் கேக்கறாரு, சரி எலிக்கு ஆர்சி புக் குடுன்னு போலீஸ் விடாமப் புடிக்கறான். நாந்தான் போலீசு. பூசாரியே மேடை ஏறி என்ற சட்டைல அம்பது ரூவா குத்தி விட்டாரு. அதே நாடகத்த ஒரு வார்த்தை மாத்தாம காலேஜ் ஹாஸ்டல் டேல போட்டோம், எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு ரூம்மேட் போலீஸ் வேஷம் போட்டான், அவன் முஸ்லிம். நாங்க அதப் பத்தி நெனைக்கவே இல்ல, ஹால்ல இருந்தவங்களும் நெனைக்கல, எல்லாரும் கை தட்டுனாங்க. எவனோ அரை நிமிஷம் போன்ல எடுத்து குரூப்ல போட்டுட்டான். துண்டுல பிள்ளையாரு பேசறது இல்ல, அவன் லத்திய ஆட்டிட்டு பிள்ளையார மெரட்டறது மட்டும் இருந்துச்சு.

அடுத்த நாளு ரெண்டு பேரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்ட்டாங்க. எழுதுனது நாந்தானுங்க சார்னு சொன்னேன், சரி சரி நீ உக்காருன்னாங்க. நான் ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடுத்தேன். அவன் மூணு எழுதுனான்.